ஹாரன் கேட்காத இரண்டாம் பாதி

— ரோண்டா, பின் சீட்டுல உன் பையன் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்குறான்?

— திறந்துதான் இருக்கு டேரல். இல்லைன்னா அவ்வளவு பெரிய பர்கர் எந்த வழியா உள்ள போகுதுங்குற?

— பேச மாட்டேங்குறானேன்னு கேக்குறேன். அந்தக் கோச் இபார்ரா இவனை மட்டும் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டாரு. வெளிய வந்தான், பசிக்குதுன்னான். அவ்வளவுதான். பெத்த அப்பன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், ஒரு வார்த்தை கிடையாது.

— குத்துக்கல் சும்மா நிக்கும் மகாராசா. நீ ஜன்னல் கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு நின்ன. அந்த கோச் மனுஷன் திரைய இழுத்து விட்டாரே, பார்த்தியா?

— வெயிலுக்காக இழுத்தாரு.

— ஆமா ஆமா, வெயிலுக்காக.

— நோலன்! டேய்! எடுத்துக்கிட்டாங்களா இல்லையா? தலையவாவது ஆட்டுடா.

— சாப்பிட்டுச் சொல்றேன்ப்பா.

— சாப்பிட்டுச் சொல்றானாம்! அயோவாவுல இருந்து கன்சாஸ் சிட்டி வரைக்கும் மூத்திரம் போகக்கூட நிறுத்தாம ஓட்டிக்கிட்டு வந்தவன்கிட்ட, சாப்பிட்டுச் சொல்றானாம். இது என்ன சாதாரண ஃபுட்பால் மேட்ச்சா? கடைசி செலக்ஷன். இதுல எடுத்தாங்கன்னா அகாடமி. அகாடமியில இருந்து நேரா பெரிய டீம். சம்பளம் வாங்கிக்கிட்டு பந்து ஆடுற ஆளுடா நீ! இதை விட்டா வேற வழி இல்ல, எழுதி வச்சுக்கோ.

— போன வருஷம் காலேஜை விட்டா வேற வழி இல்லன்ன. நாடு முழுக்க இருக்குற காலேஜ் கோச்சுங்களுக்கு இவன் வீடியோவை அனுப்பின. அதுக்குப் பின்னாடி டிரம்ஸ் சத்தம் வேற. பார்த்தா ஏதோ போர் நடக்குற மாதிரி இருந்தது.

— நிறைய பேரு பதில் போட்டாங்கல்ல?

— போட்டாங்க. எங்க சம்மர் கேம்ப்புக்குப் பணம் கட்டுங்கன்னு போட்டாங்க. நெப்ராஸ்கால இருந்து ஒருத்தர் மட்டும் தயவுசெஞ்சு இனிமே அனுப்பாதீங்கன்னு போட்டாரு. மரியாதையான மனுஷன்.

— அவனுக்கு என்ன தெரியும்.

— அதுக்கு முன்னாடி ஹாலந்து. அதையும் சொல்லட்டுமா?

— ரோண்டா, அது நல்ல யோசனை. ஐரோப்பா பாஸ்போர்ட் இருந்தா பதினாறு வயசுல அங்க போய்ச் சேரலாம். இல்லைன்னா பதினெட்டு ஆகுற வரைக்கும் காத்துக் கெடக்கணும். ரூலு அப்படி. எங்க கொள்ளுத்தாத்தா அந்த ஊருக்காரரு, இவனுக்கு உரிமை இருக்குதான்னு கேட்டேன். கேட்டது தப்பா?

— அவங்க என்ன சொன்னாங்க?

— அமெரிக்கா வந்ததும் அவரு அந்த நாட்டுக் குடியுரிமைய விட்டுட்டாராம்.

— நல்ல வேலை செஞ்சாரு. இப்படி ஒரு கொள்ளுப்பேரன் வந்து பாஸ்போர்ட் கேப்பான்னு அந்தக் காலத்துலயே தோணியிருக்கு பாரு.

— நீ சிரி. என்னைப் பார்த்தா உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். இன்னிக்கு அந்த ரெஃப்ரியும் சிரிச்சுக்கிட்டேதான் என்னை வெளிய அனுப்பினான்.

— லாலிபாப் கொடுத்தாங்களே, அது எதுக்குன்னு நெனச்ச?

— வந்தவங்களுக்கு ஏதோ மரியாதைக்குக் கொடுக்குறாங்கன்னு நெனச்சேன்.

— டேரல், இவனுக்கு அஞ்சு வயசுல இருந்து கோட்டோரமா நாற்காலி போட்டு உக்கார்ற. எல்லா ஊர்லயும் கொடுக்குறாங்க. வாயில வச்சுச் சப்பிக்கிட்டு, கத்தாம இருக்கத்தான் கொடுக்குறாங்க. அத்தனை அப்பா அம்மாவும் பச்சப்புள்ளைங்க மாதிரி சப்பிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நீ கடக்குன்னு கடிச்சு முழுங்கிட்டு, "இடது பக்கம்டா, இடது பக்கம்!"னு எழுந்து நின்ன. இன்னொண்ணு கொடுத்தாங்க. அதையும் கடிச்ச. நாள் பூரா ஊரான் பல்லைச் சுத்தம் பண்றவ நான், என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு கடிக்கிற.

— இடது பக்கம் ஆளே இல்ல ரோண்டா! அவ்வளவு பெரிய இடம் காலியா கெடந்தது!

— அதான் உன்னைப் பார்க்கிங்ல உக்கார வச்சாங்க. அங்கயாவது அடங்கினியா? வண்டிய மைதானத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்திக்கிட்டு ஹாரன்!

— அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ள பாஷை. உனக்குப் புரியாது. ஒரு தடவை அடிச்சா முன்னால ஏறு. ரெண்டு தடவைன்னா பின்னால வா. நீட்டி அடிச்சா கோலைப் பார்த்து உதை. இல்லடா நோலன்?

— ம்.

— அடேங்கப்பா, என்ன பாஷை! நீ நீட்டி அடிச்சப்ப என் பக்கத்துல இருந்த அம்மா பதறிப்போய் எழுந்து, யாரோ வண்டிய எடுக்கச் சொல்றாங்கன்னு அவ வண்டிய எடுக்கப் போயிட்டா. திரும்பி வர்றதுக்குள்ள அவ பையன் விழுந்து முட்டியத் தேச்சுக்கிட்டான். பாவம், அவ எதுவுமே பார்க்கல.

— அவ மட்டுமா? நானும்தான் எதுவும் பார்க்கல! ரெண்டாவது பாதியில இவன் ரெண்டு கோல் அடிச்சிருக்கான். ரெண்டு! அந்தக் கொடி பிடிக்கிற ஆளு சொல்றான், "உங்க பையனா? அந்த மாதிரி ஆட்டம் நான் இந்த வருஷமே பார்க்கல"ன்னு. நான் எங்க இருந்தேன்? மருந்துக் கடையில இருந்தேன்.

— எனக்குத் தலைவலி வந்தது என் தப்பா?

— தலைவலிக்கு வேற நேரமே கிடைக்கலையா? இடைவேளை வரைக்கும் கல்லு மாதிரி உக்காந்திருந்த. விசில் அடிச்சதும் நேரா வண்டிக்கு வந்து, மண்டை வெடிக்குது, கிளம்புங்குற. சரின்னு மாத்திரை வாங்கினோம். காபி வேணும்ன. வாங்கினோம். ஆறிப்போச்சு, சூடா இன்னொண்ணுன்ன. அப்புறம் பாத்ரூம் போறேன்னு போனவ, நான் அந்தக் கடையில இருந்த வாழ்த்து அட்டை பூராவும் படிச்சு முடிச்சேன், வரல. சரி, அந்த மாத்திரையவாவது போட்டியா? டப்பா பிரிக்காம அப்படியே முன்னாடி கெடக்கு.

— காபியிலயே சரியாப் போச்சு.

— ரெண்டு காபியில சரியாகுற தலைவலிக்கு நான் என் பையனோட ரெண்டு கோலைக் கொடுத்திருக்கேன்.

— விடு டேரல்.

— என்னத்த விடுறது? எங்கப்பா என் மேட்ச் ஒண்ணுக்குக்கூட வந்ததில்ல ரோண்டா. உனக்குத் தெரியும். ஸ்கூல் ஃபைனல் அன்னிக்கு நான் பந்தையே பார்க்கல, நுழையிற வாசலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இவன் பொறந்தப்ப நான் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். இவன் திரும்பிப் பார்க்குறப்ப நான் அங்க இருக்கணும். கத்துறேன், ஹாரன் அடிக்கிறேன், கோமாளியா இருக்கேன், இருந்துட்டுப் போறேன். ஆனா இருக்கேன். இத்தனை வருஷத்துல விட்டது இன்னிக்கு ஒரு பாதிதான். அதுலதான் இவன் ரெண்டு கோல் அடிக்கணுமா? வயிறு எரியுது எனக்கு.

— தெரியும் டேரல். எனக்குத் தெரியும். இந்தா, டிஷ்யூ.

— வேணாம், கண்ணுல வெங்காயம் பட்டுடுச்சு.

— உன் பர்கர்ல வெங்காயம் வேணாம்னு நீதானே சொன்ன.

— எடுத்துக்கிட்டாங்கப்பா.

— என்னது?

— அகாடமியில. என்னை எடுத்துக்கிட்டாங்க.

— ரோண்டா! நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்லடி! டேய்! டேய் என் தங்கமே!

— அப்பா, ஹாரன் அடிக்காதீங்க! ப்ளீஸ்! பக்கத்து வண்டிக்காரரு முறைக்கிறாரு.

— முறைக்கட்டும்! என் பையன் புரொஃபஷனல்டா!

— டேரல், அந்த ஆளு மடியில சூப்பு கொட்டிடுச்சு. கையை எடு. எடுங்குறேன்ல? நோலன், இங்க வா கண்ணா. முகமெல்லாம் சாஸ். பரவால்ல, வா. எனக்கு ரொம்ப சந்தோஷம்டா.

— தாங்க்ஸ்மா.

— சரி, இப்ப கேளுங்க ரெண்டு பேரும். ஆகஸ்ட்ல இங்க குடி வந்துடுறோம். எங்க டிராக்டர் கடை முதலாளிகிட்ட பேசிட்டேன். இந்த ஊர்ல அவரு மச்சான் கடை இருக்கு, அங்க எனக்கு வேலை போட்டுத் தர்றேன்னுட்டாரு.

— எப்ப பேசின?

— செவ்வாக்கிழமை.

— என்கிட்ட எப்ப சொன்ன?

— இதோ, இப்ப.

— என் வேலை என்ன ஆகுறது மகாராசா?

— ஏன், கன்சாஸ் சிட்டியில யாருக்கும் பல்லே கிடையாதா? அதெல்லாம் பார்த்துக்கலாம். வீடு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அகாடமி மைதானத்துக்கு அந்தப் பக்கத் தெரு. மாடி ரூம் ஜன்னலைத் திறந்தா பிராக்டிஸ் நடக்குறது அப்படியே தெரியுது. வண்டிகூட எடுக்க வேணாம்.

— அப்ப ஹாரனுக்கு என்ன பண்ணுவ? ஜன்னல்ல மாட்டி வைப்பியா?

— கிண்டல் பண்ணாத. யோசிச்சுப் பாரு, காலையில எந்திரிச்சா பையன் ஓடுறது தெரியும். எந்த அப்பனுக்குக் கிடைக்கும் இது?

— அப்பா. வீடு வேணாம்.

— ஏன்டா? சின்னதா இருக்குன்னு பார்க்குறியா?

— இல்லப்பா. இங்க ஒரு குடும்பம் இருக்கு. மிஸ்டர் ஹாலோவே, மிஸஸ் ஹாலோவேன்னு. பிள்ளைங்க எல்லாம் பெரியவங்களாகி வெளியூர் போயிட்டாங்க. வெளியூர்ப் பசங்களை அகாடமி அவங்க வீட்டுலதான் தங்க வைக்கும். ஒரு ரூம் காலியா இருக்காம். நான் அங்க தங்குறேன்னு சொல்லிட்டேன்.

— அது பெத்தவங்க கூட வர முடியாத பசங்களுக்குடா. உனக்கு எதுக்கு? நான்தான் வர்றேனே.

— தெரியும்ப்பா.

— தெரிஞ்சுமா சொன்ன?

— ம். அந்தப் பேப்பர் என் பையில இருக்கு. நீங்களும் அம்மாவும் கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமைக்குள்ள அனுப்பணுமாம்.

— ரோண்டா, இவன் என்ன பேசுறான்? யாரோ ஒருத்தன் வீட்டுல, யாரோ ஒருத்தி ஆக்கிப் போடுறதைத் தின்னுக்கிட்டு... டேய், அந்தக் கோச் உன்னை என்ன சொல்லிக் குழப்பினாரு? அரை மணி நேரம் உள்ள அதுதான் நடந்துச்சா?

— அவரு ஒண்ணும் குழப்பல. ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

— என்ன கேள்வி?

— "முதல் பாதியில ஒரு பையன் ஆடினான். பந்து கால்ல வந்த ஒவ்வொரு தடவையும் பார்க்கிங் பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்துட்டு அப்புறமா உதைச்சான். ரெண்டாவது பாதியில வேற ஒரு பையன் ஆடினான். அவன் பந்தை மட்டும் பார்த்தான். எனக்கு ஒரே இடம்தான் இருக்கு. உங்க ரெண்டு பேர்ல யாரை எடுக்கட்டும்?"னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— ரெண்டாவது பையன்னு சொன்னேன்.

— எடுத்துக்கட்டும். யாரு வேணாம்னா? அவனும் என் பையன்தானே?

— உங்க பையன்தான்ப்பா.

— அப்புறம் என்னடா? நீ இன்னிக்கு நல்லா ஆடின, அவ்வளவுதான். நான் வண்டியில இருந்திருந்தாலும் ஆடியிருப்ப. என்னமோ நான் போனதாலதான் கோல் விழுந்த மாதிரி பேசுறாரு அந்த ஆளு. நானா போனேன்? ஏதோ உங்கம்மாவுக்கு அந்த நேரம் பார்த்துத் தலை வலிச்சுது...

— நோலன், வேணாம்டா கண்ணா.

— இல்லம்மா, சொல்லிடுறேன். அப்பா, அம்மாவுக்குத் தலையே வலிக்கல. இடைவேளையில தண்ணி குடிக்க வந்தேன்ல, அப்ப, "அப்பாவை எங்கயாவது கூட்டிட்டுப் போம்மா, நான் ஒரு தடவை தனியா ஆடிப் பார்க்குறேன்"னு நான்தான் கேட்டேன்.

— டேரல். இங்க பாரு. டேரல்?

— அந்த மாத்திரை டப்பாவைப் பிரி ரோண்டா. எனக்கு ரெண்டு கொடு. அப்படியே உன் பையில பேனா இருந்தா அதையும் எடு.