ஒரே மழைக்கு இரண்டு குடை

வருகிறவர்களுக்குத் தரும் காபி சூடாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். டெக்சாஸின் கில்லீன் நகரில், படைமுகாமை அடுத்த கார் விற்பனைக் கூடத்தில், கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கும் அறை என்னுடையது. சுவரில் என் பழைய படைப்பிரிவின் படம் மாட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் இளம் வீரர்கள் என்னை 'சார்ஜென்ட்' என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் எதையும் படித்துப் பார்ப்பதில்லை.

நீங்கள் விசாரிக்க வந்தது தாவிதா லெயோட்டாவைப் பற்றி. சமோவாக்காரன், சாந்தமானவன். 2018 வசந்தத்தில் மனைவி லூசியாவுடன் வந்தான். வெளிநாட்டுப் பணிக்குப் புறப்படவிருந்தான்.

"சார்ஜென்ட், நான் இல்லாதப்ப வண்டி நொறுங்கிப்போனா, இன்ஷூரன்ஸ் குடுத்தது போக மிச்சக் கடன் இவ தலையில விழுமா?"

"இவரு என்னை வண்டி ஓட்டத் தெரியாதவள்னே முடிவு பண்ணிட்டாரு," என்று சிரித்தாள் லூசியா.

அந்த மிச்சத்தை அடைக்க 'காப்பு' என்று ஒரு தனிக் காப்பீடு உண்டு. முன்பெல்லாம் நானே விற்பேன். ஆனால் வீரர்களைக் கொடுவட்டியிலிருந்து காக்கும் சட்டத்துக்கு அப்போது புது விளக்கம் வந்திருந்தது: அந்தக் காப்பைக் கடனோடு சேர்த்து விற்றால், அந்தச் சட்டத்திலிருந்து வண்டிக் கடனுக்கு இருந்த விலக்கு போய்விடும், வண்டியை ஈடாகப் பிடிப்பதும் சிக்கலாகும். "சீருடைக்காரனுக்கு அதை விக்காதே" என்றார் முதலாளி. ஆட்டுத் திருடனுக்கு அஞ்சிய ஓர் ஊரில் கயிறே கூடாது என்று விதித்தார்களாம். பிறகு ஆடு கிணற்றில் விழுந்தபோது, தூக்கக் கயிறில்லை. சட்டங்கள் அப்படித்தான், என் குற்றமில்லை.

தாவிதா விவரமானவன். "எங்க முகாம் வங்கியில அதைத் தராங்களாம். அங்க வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டான்.

அங்கே போனால் குறைந்த வட்டியைப் பார்த்து முழுக் கடனையும் அங்கேயே வாங்கிவிடுவான். எனக்கு வரும் கமிஷன் போய்விடும்.

"எல்லாம் இதுலயே அடக்கம், தம்பி. ஒரே மழைக்கு ரெண்டு குடை எதுக்கு?" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். கையெழுத்திட்டான்.

கோடையில் ஒரு சரக்கு லாரி அவள் வண்டியை நசுக்கியது. லூசியா பிழைத்தாள், கடனும் பிழைத்தது. தவணை நின்றது, வசூல்காரர்கள் முகாமுக்கே எழுதினார்கள். கடன் கெட்டவனிடம் படை ரகசியங்களை ஒப்படைக்காது. தாவிதா தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவன். அனுமதியை இழந்தான், பிறகு வேலையை.

லூசியா என் அறைக்கு வந்தாள். "எல்லாம் அடக்கம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பத்திரத்துல எங்கம்மா இருக்கு, காட்டு," என்றேன். மென்மையாகவே கேட்டேன்.

அக்டோபரில் தாவிதா தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இறுதிச் சடங்குக்கு எங்கள் கூடத்தின் பெயரில் மலர்வளையம் அனுப்பினேன்.

மற்ற வீரர்களிடமும் இதையே சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். கேட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். ஆளுக்கொரு பதில் சொல்வது நேர்மையாகாது.

குளிர்காலத்தில் லூசியா மறுபடி வந்தாள். வேலைக்குப் போக வண்டி வேண்டும். அவள் நிலையில் வேறு யாரும் கடன் தரமாட்டார்கள். அவள் இப்போது படைவீரன் மனைவியல்ல. அந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தாது. ஆகவே பழைய காரொன்றை உயர்ந்த வட்டிக்குத் தந்து, அந்தக் காப்பையும் சேர்த்து விற்றேன். இம்முறை பத்திரத்தில் அது எழுதியிருந்த இடத்தை விரல் வைத்தே காட்டினேன்.

அவள் நன்றி சொல்லவில்லை. துக்கத்தில் மறந்திருப்பாள்.