எதிர்வீட்டுச் சாவி

இல்ல தம்பி, திருட்டு ஒண்ணும் போகல. பூட்டும் நல்லாத்தான் இருக்கு, நீங்க சொல்றது சரிதான். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க, முட்டி போட்டுக்கிட்டே எவ்வளவு நேரம் வேலை பாப்பீங்க. நல்லா இருக்கற பூட்ட எதுக்கும்மா மாத்தறீங்கன்னு பூட்டுக்காரரே கேக்கறத இப்பத்தான் பாக்கறேன். எங்கிட்ட வர்றவங்ககிட்ட, இந்த ஜிப் நல்லாத்தானே இருக்கு எதுக்கு மாத்தறீங்கன்னு நான் கேட்டுக்கிட்டு இருந்தா என் தையல் மெஷின் துரு பிடிச்சுப் போயிருக்கும்.

அந்தப் படப் புஸ்தகத்த மூடி வச்சிருங்க. நம்பர் போட்டுத் தொறக்கறதெல்லாம் எனக்கு ஒத்து வராது, என் போன் நம்பரே பாதி நேரம் மறந்து போகுது. விரல வச்சாத் தொறக்கறதா? அது சுத்தமா வேணாம். ஊசி குத்திக் குத்தி இந்த விரல்ல ரேகைன்னு ஒண்ணு மிச்சம் இருக்கான்னே சந்தேகம். அந்தப் பூட்டு என்னையே யாரோ எவளோன்னு நெனச்சு வெளிய நிறுத்திரும். இதே பூட்டுதான் வேணும். வெளித்தகடு, கைப்பிடி, அதுல இருக்கற கீறல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். உள்பாகத்த மட்டும் உருவிட்டு வேற போடுவீங்கல்ல? அதப் போடுங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? சொல்றேன். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசறேன். மெஷின் ஓடாத நேரத்துல என் வாய் ஓடும்னு எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார்.

வீட்டத் திருடன்கிட்டேருந்து காப்பாத்தறதப் பத்தி எங்கிட்டக் கேளுங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, உங்க பூட்டெல்லாம் அதுல கடைசிதான். வெளியில பெரிசா பூட்டு தொங்கினா உள்ள ஆள் இல்லன்னு நாமளே கூப்பிட்டுச் சொல்ற மாதிரி. ஆள் இருக்கற மாதிரிக் காட்டணும், அதான் வித்தை. ஊருக்குப் போறவங்க வாசல்ல ஒரு ஜோடி செருப்பு விட்டுட்டுப் போகணும். பழசா இருக்கணும், புதுசா இருந்தா முதல்ல அதத்தான் எடுப்பான். பேப்பர் வாசல்ல சேரக் கூடாது. சாயங்காலம் லைட்டு எரியணும், அதுவும் ஒரே ரூம்ல எரியக் கூடாது, ஒரு நாள் ஹால்ல, ஒரு நாள் சமையல்கட்டுல. கொடியில துணி தொங்கணும், மாத்தி மாத்தித் தொங்கணும். ஒரே சட்டை வாரக்கணக்குல தொங்கினா திருடன் என்ன, காக்காய்க்கே தெரிஞ்சுரும் வீட்டுல ஆள் இல்லன்னு.

இதெல்லாம் யாராவது ஒருத்தர் கூடவே இருந்து செய்யணுமா இல்லையா? இந்தக் கட்டடத்துல அந்த ஒருத்தி நான்தான். நாள் பூரா ஜன்னலோரம் மெஷின் முன்னாடி உக்காந்திருக்கறவ, எங்க போகப் போறேன்? ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்துல அந்தப் பலகை தெரியுதா, கொக்கி வரிசையா? அத்தனை கொக்கியிலயும் சாவி தொங்கிச்சு. எந்தச் சாவி யாரோடதுன்னு குழம்பக் கூடாதுன்னு அந்தந்த வீட்டுக்குத் தச்சதுல மிஞ்சின துணியில ஒரு துண்டு கிழிச்சுக் கட்டி வச்சிருப்பேன். டீச்சர் வீட்டுக்குப் பச்சைக் கட்டம், நர்சு வீட்டுக்கு வெள்ளை. புதுசாக் குடி வர்றவங்க வாடகை பேசறதுக்கு முன்னாடி சாவிக்காரம்மா வீடு எதுன்னுதான் கேப்பாங்க. ஆமா, எனக்கு அதான் பேரு. சொந்தப் பேரு ரேஷன் கார்டோட சரி.

போன மழைக்கு முன்னாடி மேல்வீட்டு பேங்க்காரர் குடும்பத்தோட ஒரு கல்யாணத்துக்குப் போனாரு. திரும்பி வந்து பாத்தா பீரோ தொறந்து கெடக்கு. நகை போச்சு, லேப்டாப்பு போச்சு. வாசக் கதவுப் பூட்டு பூட்டின மாதிரியே இருக்கு, ஒரு கீறல் இல்ல. போலீஸ் வந்து இந்த வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்குன்னு கேட்டாங்க. ஒருத்தரும் என் பேரச் சொல்லல தம்பி, அத நான் பொய் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதே இல்ல. படிக்கட்டுல நின்ன அத்தனை பேரும் ஒண்ணாத் திரும்பி என்னப் பாத்தாங்க, அது போதாதா?

வந்த போலீஸ்காரர் நல்ல மனுஷன். இப்ப நீங்க உக்காந்திருக்கற ஸ்டூல்லதான் உக்காந்தாரு. நானே எல்லாத்தையும் தொறந்து காட்டினேன், நூல் டப்பா வரைக்கும். பட்டன் டப்பாவக் கொட்டிக் காட்டினதும் அவருக்கே சங்கடமாப் போச்சு, போதும்மா, விடுங்கம்மான்னுட்டாரு.

மறுநாள்லேருந்து ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க, சாவி கேட்டு. டீச்சர் வந்து மருமக வர்றா, அவளுக்கு ஒரு சாவி தேவைப்படுதுன்னாங்க. நர்சு வந்து, என் சாவி தொலஞ்சு போச்சுக்கா, அதான் அந்தச் சாவியக் குடுங்கங்கறா. சொல்லும்போது தொலஞ்சு போன சாவி அவ விரல்லயே ஆடிக்கிட்டு இருக்கு. நான் அதப் பாக்கறேன், அவளும் நான் பாக்கறதப் பாக்கறா. சாவிய எடுத்துக் குடுத்துட்டேன். ரெண்டாம் மாடியில ஜிம்முக்குப் போற ஒருத்தன் இருக்கான், அவன் மட்டும் வாசல்லயே நின்னு, அம்மா வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க ஆன்ட்டி, திருட்டுப் போச்சுல்லன்னான். எனக்கு அவனத்தான் பிடிச்சுது. ஒரு டம்ளர் தண்ணி குடுத்து அனுப்பி வச்சேன்.

அப்புறம் அந்தத் திருடன் அகப்பட்டுட்டான். வேற தெருவுல கை வச்சப்ப மாட்டிக்கிட்டான். பைப்பப் பிடிச்சு ஏறி, குளியலறை ஜன்னல் கண்ணாடிச் சட்டத்த ஒவ்வொண்ணா உருவி அடுக்கி வச்சுட்டு உள்ள எறங்கினானாம். வாசக் கதவுப் பக்கமே அவன் போகல. பேங்க்காரர் எங்கிட்ட வந்து, அப்பாடா, ஒரு வழியாத் தெரிஞ்சுதும்மான்னாரு. ஆமா சார்னேன். அதோட சரி. திருடன் அகப்பட்டான், ஆனா வாங்கிட்டுப் போன சாவி ஒண்ணும் எங்கிட்டத் திரும்பி வரல.

இருங்க, எதிர்வீட்டு அக்கா கதைக்குத்தான் வர்றேன். அந்தக் கதவு, நீங்க நிமிந்தாத் தெரியுமே, அதான். எங்க வீட்டுக்காரரத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு எனக்குக் கஞ்சி ஊட்டினவங்க. அவங்க பொண்ணுக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம்லேருந்து கல்யாணத் துணி வரைக்கும் என் கையாலதான். எல்லாரும் சாவிய வாங்கிட்டுப் போன அந்த வாரம் அக்கா மட்டும் வாங்கல. நானே எடுத்து நீட்டினேன். என் கைய மடக்கித் திருப்பி விட்டுட்டு, ஊரே வாங்கிட்டுப் போகட்டும், என் சாவி உங்கிட்டத்தான்டி இருக்கும்னாங்க. நான் பேங்க்காரர் வீட்டு விஷயத்துல அழல, போலீஸ் வந்தப்ப அழல. அப்ப அழுதேன் தம்பி. அத்தனை கொக்கி காலியாக் கெடந்தும் அந்த ஒரு சாவி தொங்கறதப் பாத்துப் பாத்து மனசத் தேத்திக்கிட்டேன்.

அக்கா ஊருக்கு, அவங்க பொண்ணு வீட்டுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஹாலுக்குத் திரைச்சீலை தச்சுத் தரச் சொன்னாங்க. துணி அவங்களே வாங்கி வச்சிருந்தாங்க. அதுக்கு ஒத்த நூலு பெரிய கடைத்தெருவுலதான் கெடைக்கும், நீயே போய்ப் பாத்து வாங்கிட்டு வா, இன்னைக்கே போயிட்டு வந்துருன்னாங்க. போனேன். கால் கடுக்க அலைஞ்சு நூல் வாங்கி, அன்னைக்கே உக்காந்து தச்சும் குடுத்தேன். ஊருக்குக் கெளம்பறப்ப செடித்தொட்டியெல்லாம் அவங்களே வெளிய எடுத்து வச்சுட்டாங்க, நீ எதுக்கு உள்ள வெளியன்னு அலையணும், இங்கயே தண்ணி ஊத்திரு போதும்னு. லைட்டுக்கும் தானா எரியற மாதிரி ஏதோ மாட்டிட்டாங்களாம். என் முட்டி வலிய நெனச்சுத்தான் செய்யறாங்கன்னு எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு மத்தியானம் காத்தும் மழையுமா அடிச்சு ஊத்துது. கொடித் துணிய எடுக்கப் பின்னால போனவ அண்ணாந்து பாக்கறேன், அக்கா ரூம் ஜன்னல் தொறந்துக்கிட்டுப் படபடன்னு அடிச்சுக்குது. கட்டில் அந்த ஜன்னலுக்குக் கீழதான், மெத்தையெல்லாம் போச்சேன்னு ஓடியாந்து சாவிய எடுத்துட்டுப் போய்ப் போட்டேன். உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. ஈரத்துல எறுகிப் போச்சுன்னு நெனச்சு மெஷினுக்கு விடற எண்ணெயக் கொண்டு வந்து விட்டேன். வலது கையால திருப்பினேன், இடது கையால திருப்பினேன், சேலைத் தலைப்பச் சுத்திக்கிட்டுத் திருப்பினேன். அந்நேரம் வாட்ச்மேன் படியேறி வந்தாரு. அம்மா, அது எப்படித் தொறக்கும், அவங்கதான் போறதுக்கு முன்னாடி ஆளக் கூப்பிட்டு மாத்திட்டாங்களே, நீங்க கடைத்தெருவுக்குப் போயிருந்தீங்களே அன்னைக்குத்தானேன்னாரு. எனக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியாது பாவம். மாத்தின ஆள் கரண்ட் மீட்டர் பெட்டியில அவர் நம்பர் ஒட்டிட்டுப் போயிருக்கார், வேணும்னா கேளுங்கன்னு அதையும் சொல்லிட்டுப் போனாரு.

ஆமா, உங்க நம்பர்தான். அதப் பாத்துத்தான் கூப்பிட்டேன். நீங்க ஏன் தலையக் குனியறீங்க? மாத்துன்னாங்க, மாத்தினீங்க. நல்ல வேலை தம்பி, நெஜமாத்தான் சொல்றேன். பக்கத்துல நின்னு பாத்தும் என்னால கண்டுபிடிக்க முடியல. அதே முகம், அதே கீறல்.

அக்கா ஊர்லேருந்து வந்ததும் கேக்காம விட்டேனான்னா? கேளுங்க. வந்த அன்னைக்கே என் மெஷின் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. மெத்தை நனஞ்சு நாறுதுன்னு சொன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் துணியத் தடவிக்கிட்டே இருந்துட்டு, ஜன்னல் அடிச்சத நீ பாக்கலயாடின்னாங்க. நான் நிமிந்து பாத்தேன். அந்த முகத்துல இருந்தது மெத்தைக் கவலை இல்ல தம்பி. கதவுகிட்டப் போனேனா, சாவியப் போட்டுப் பாத்தேனா, அது தெரியணும் அவங்களுக்கு. நான் சொன்னேன், இல்லக்கா, மாத்திரை போட்டுட்டு நல்லாத் தூங்கிட்டேன், ஒண்ணும் பாக்கலன்னேன். முகம் அப்படியே லேசாயிருச்சு. விடு, மெத்தை போனாப் போகுதுன்னு என் முதுகத் தட்டிக் குடுத்துட்டு எழுந்து போனாங்க.

சாவிய வாங்கிட்டுப் போனவங்ககூடப் பரவால்ல தம்பி. எம் மூஞ்சியப் பாத்து வாங்கிட்டுப் போனாங்க. இவங்க எங்கிட்ட ஒரு இரும்புத் துண்ட விட்டு வச்சுட்டு, நான் அதத் தொட்டுக் கும்பிடாத குறையா வச்சிருந்தத வந்து வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க.

என்னது? அவங்ககிட்ட என் சாவியும் இருக்கான்னா? இருக்கு. இருக்காதா பின்னே. போன வருஷம் தலை சுத்திக் குளியலறையில விழுந்து கெடந்தேன், எவ்வளவு நேரம் கெடந்தேன்னு எனக்கே தெரியாது. மெஷின் சத்தம் கேக்கலயேன்னு வந்து தட்டிப் பாத்து, அந்தச் சாவியாலதான் தொறந்து உள்ள வந்தாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டீங்கன்னாரு டாக்டர். என்னைக் காப்பாத்தினதும் அவங்கதான், இதச் செஞ்சதும் அவங்கதான். இதுல எத எடுத்து எங்க வைக்கறது சொல்லுங்க?

போய் வாங்கிட்டு வந்துரலாமா? எதுக்கு வாங்கணும்? அது அங்கயே இருக்கட்டும். மூணு சாவி வரும்னீங்கல்ல, மூணும் என் பீரோவுலயே இருக்கும். அக்காகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லப் போறதில்ல. நீங்களும் சொல்லாதீங்க, அவங்க விஷயத்த எங்கிட்டச் சொல்லாத மாதிரியே.

தலைசுத்தல் இன்னும் இருக்கு தம்பி, திரும்ப வரலாம்னுதான் டாக்டரும் சொல்லியிருக்காரு. என்னைக்காவது வரும். மெஷின் சத்தம் நின்னதும் அக்கா வந்து தட்டுவாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, அப்படிப்பட்ட மனுஷிதான். ஓடிப் போய் என் சாவிய எடுத்துட்டு வந்து போடுவாங்க. உள்ள போகும். திரும்பாது. வலது கையால திருப்பிப் பாப்பாங்க, இடது கையால திருப்பிப் பாப்பாங்க. அந்த நேரம் எப்படி இருக்கும்னு அவங்களுக்கும் ஒரு தடவை தெரியட்டுமே.

ஏன் நிறுத்திட்டீங்க? அந்த ஒரு ஸ்க்ரூதானே பாக்கி. முடுக்குங்க.