ஊதா மஞ்சளாகும் வரை

இலையை வெயிலில் காயவைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். நிழலில்தான் காயவைக்க வேண்டும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? பாதி மூலிகைச் சரக்கு வெறும் வைக்கோலாகத்தான் கடைக்கு வருகிறது.

பதினோரு வருடமாக ஆய்வகத்தில் எனக்கு இதுதான் வேலை. காய்ந்த இலையைப் பொடித்து, எரிசாராயத்தில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, சாராயத்தை ஆவியாக்கினால் அடியில் பச்சைப் பசை நிற்கும். அதில் ஒரு துளியை ஊதாக் கரைசலில் விடுவேன். ஊதா வெளுத்து மஞ்சளானால், அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது. உடம்பைத் துருப்பிடிக்க விடாத சத்து. என் பசை நாற்பதே நொடியில் ஊதாவை ஒழித்துக்கட்டியது.

ஆய்வகத் தலைவர் பார்த்தார். "குழாய்ல நல்லாத்தாம்மா இருக்கு. மனுஷனுக்குள்ள போனா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி.

வீட்டில் ஒரு மனுஷன் சும்மாதான் இருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இதயம் கொஞ்சம் தகராறு. தினமும் இரண்டு கேப்ஸ்யூல். என் பசை என்றால் இளக்காரம். "இந்தச் சாணியத் தின்னு நூறு வருஷம் வாழறதுக்கு, இப்பவே போய்ச் சேந்துடலாம்" என்று விருந்தாளிகள் எதிரில் சொல்லிச் சிரிப்பார். கோபமா? சேச்சே. எனக்கு அவர் ஆரோக்கியம்தான் முக்கியம்.

கேப்ஸ்யூல்களைப் பிரித்தேன். மருந்தைக் கொட்டிவிட்டு, என் பசையைக் காயவைத்துப் பொடித்து நிரப்பினேன். இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

முதல் வாரம் தெம்பாக இருந்தார். இரண்டாம் வாரம் கால் வீங்கியது. மூன்றாம் வாரம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னமோ பண்ணுதுடி. டாக்டர்கிட்ட போலாமா?"

"மாத்திரை போட்டீங்களா?"

"வேளை தவறாம போடறேனே."

பாவம், போட்டார். அவர் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால்தான் என் குறிப்பேடு இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. இருபத்தாறாம் நாள் பக்கத்தில் ஒரே வரி: காலை ஆறேகாலுக்கு மூச்சு நின்றது.

எழுதிக்கொள்ளுங்கள் சார், தெரிந்தேதான் செய்தேன். தவறையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு ஆளை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. மாமியாருக்கும் மகனைப் போலவே இதயக் கோளாறு. போன திங்கட்கிழமையிலிருந்து அவரையும் சேர்த்துக்கொண்டேன். என்னை உள்ளே வைப்பதானால், அவருக்கு வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் போடுங்கள். நடுவில் நிறுத்தினால் உடம்புக்கு ஆகாது.