தாங்கறதுக்கு ஒரு சொல்லு

இல்ல, இல்ல, இப்ப வெளில போக முடியாது மிஸ்டர் அமிர்தராஜ். சித்திரை வீதி பூரா ஜனம். பெருமாள் பொறப்பாடு மூலை திரும்பியாச்சு, மேளம் கேக்கறதே. அவர் எங்காத்தைத் தாண்டட்டும், அப்புறம் ஜட்கா பிடிச்சு டவுனுக்குப் போகலாம். அது வரைக்கும் இப்படி ஜன்னலண்டை உக்காருங்கோ. சாத்த வேண்டாம், தெறந்தே இருக்கட்டும். போறவா வரவா பார்த்தா என்ன, நாம ரெண்டு பேரும் பேசிண்டுதானே இருக்கோம்.

காப்பி குடுக்கலயேன்னு நெனைச்சுக்கப்படாது. இன்னிக்கி அடுப்பு மூட்டல. ஆத்துல என் ஆம்படையா படுத்துண்டிருக்கறதுதான் உங்களுக்குத் தெரியுமே. ஆமா, அந்த ஜுரம்தான், மார்ல எறங்கிடுத்து. நேத்திக்கு சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துட்டு, இந்த ராத்திரியைத் தாண்டிட்டாப் பொழைச்சுப்பான்னார். இப்பவா? இப்ப ஜுரம் இல்ல. அப்படியே படுத்துண்டிருக்கா. குமுதவல்லி பக்கத்துல இருக்கா. எங்க பொண்ணு, புக்காத்துலேர்ந்து வந்திருக்கா. நாம மெதுவாப் பேசினாப் போறும்.

சரி, வந்த காரியத்தைப் பார்ப்போம். அகராதில ஒரு சொல்லு என்னால நிக்கறது, அதனால அச்சு நிக்கறது, உங்க மொதலாளி பல்லைக் கடிக்கறார். நியாயம்தான். முப்பத்தாறாம் வருஷத்துக்குப் பள்ளிக்கூடப் பசங்க கைல பொஸ்தகம் இருக்கணுமே. பி, ஈ, ஏ, ஆர். நாலே எழுத்து. காலேஜ்ல இத்தனை வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவன் இதுல போய் மாட்டிண்டு நிக்கறேனேன்னு உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். சிரிங்கோ, பரவால்ல.

அதுக்குக் கரடின்னும் அர்த்தம், தாங்கறதுன்னும் அர்த்தம். என் க்ளாஸ்ல ஒரு பையன், இந்த வலியை என்னால் கரடி செய்ய இயலாதுன்னு எழுதி வச்சுட்டான். ஆத்துக்கு வந்து அவளண்டை சொன்னேன். இடுப்பைப் பிடிச்சுண்டு சிரிச்சா. அதுலேர்ந்து முழங்கால் வலி வந்துதுன்னா, ஏன்னா, இன்னிக்கி என்னால கரடி முடியலம்பா. நாலு நாள் முன்னால, மூச்சு விடறதுக்கே திணறிண்டிருந்தவ, அதையே சொன்னா. எனக்குச் சிரிக்கத் தெரியல.

கரடிக்கும் தாங்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டும் வேற வேற வேர். கரடியோட கதை வேடிக்கை. வடக்குத் தேசத்துக் காட்டு ஜனங்கள் அதோட நிஜப் பேரைச் சொன்னா வந்து நின்னுடுமோன்னு பயந்து, பழுப்பு, பழுப்புன்னே சொல்லிண்டிருந்தாளாம். கடைசில நிஜப் பேர் மறந்தே போயிடுத்தாம், பழுப்புங்கறதே பேராயிடுத்து. நம்மவா மட்டும் என்ன? ராத்திரில பாம்பைப் பூச்சிங்கறோம். வைசூரியை அம்மாங்கறோம். வாயால சொல்லாம இருந்துட்டா, நடந்தது நடக்கலன்னு ஆயிடுமா? ஆகாதுதான். ஆனா சொல்லாம இருக்கற நேரம் வரைக்கும் ஏதோ கைல இருக்கற மாதிரி இருக்கு, பாருங்கோ.

எங்கயோ போயிட்டேன். இன்னொண்ணு இருக்கே, தாங்கறது, அதுதான் என்னைப் படுத்தறது. தலைல மூட்டை சுமந்தாலும் அந்தச் சொல்லுதான். மரம் காய்ச்சாலும் அதுதான். வலியைப் பொறுத்துண்டாலும், கோர்ட்ல சாட்சி சொன்னாலும், பிள்ளை பெத்தாலும் அதேதான். நம்ம பாரம் இருக்கே, சம்ஸ்க்ருதத்துலேர்ந்து வந்தது, அதுக்கும் இதுக்கும் ஒரே வேர். பங்காளிகள். கப்பல் ஏறி வந்தது ஒண்ணு, கோவில்லயே கெடந்தது ஒண்ணு.

இன்னும் ஒரு சொல்லு கூட அதே வேர்லேர்ந்து வந்துது. மனுஷன் கடைசியாப் போறதுக்கு நாலு பேர் தோள் குடுப்பாளே, அதுக்கு இங்கிலீஷ்காரா வச்சிருக்கற பேர். எழுதிண்டேளா? அது வேண்டாம். அடிச்சுடுங்கோ. கொழந்தேள் படிக்கற பொஸ்தகத்துல எதுக்கு.

பர்த்தாவை எழுதிக்கோங்கோ. ஆம்படையான்னு அர்த்தம். தாங்கறவன். பார்யைன்னா அவன் தாங்க வேண்டியவ. அதுவும் இதே வேர்தான். கேக்க ஜோராத்தான் இருக்கு. நேத்திக்கு ராத்திரி பூரா அவ தலைமாட்டுல உக்காந்துண்டு அதையேதான் யோசிச்சேன். ரெண்டு கொழந்தை பொறந்து தங்காமப் போச்சு எங்களுக்கு, குமுதாவுக்கு முன்னால. ரெண்டு தடவையும் நான்தான் படுத்துட்டேன். எழுந்து ஸ்நானம் பண்ணுங்கோ, காலேஜுக்கு நாழியாறதுன்னு வேஷ்டியை எடுத்து நீட்டினது யாரு? பெத்தவ. பர்த்தான்னு பட்டம் மட்டும் எனக்கு. இதை அகராதில எப்படிப் போடறது, சொல்லுங்கோ.

அதோ, ஆனை வந்துடுத்து. முன்னால ப்ரபந்த கோஷ்டி, அப்புறம் பெருமாள். தோள்ல எழுந்தருளப் பண்ணிண்டு வராளே, அவாளுக்கு ஸ்ரீபாதந்தாங்கின்னு பேரு. நடையைப் பாருங்கோ. மேல இருக்கறவருக்கு ஒரு குலுக்கல் கூடத் தெரியப்படாது. தோள் காய்ச்சுக் கருத்துப் போயிருக்கும், மொகத்துல ஒண்ணும் காட்ட மாட்டா.

நான் வாசலுக்குப் போகலயான்னா கேக்கறேள்? போகல. இன்னிக்கிப் போகப்படாது. இங்கேர்ந்தே போறும். நீங்க எழுந்து நிக்கறேளா? உங்களுக்கு நல்ல மனசு மிஸ்டர் அமிர்தராஜ். நில்லுங்கோ. உங்க சாமியும் கோவிச்சுக்க மாட்டார். நான் உக்காந்தே இருக்கேன். கையும் கூப்பல, பார்த்துட்டேளே.

வருஷா வருஷம் அவதான் வாசல்ல நிப்பா, தட்டுல தேங்காயும் பழமும் வச்சுண்டு. மழை பெஞ்சாலும் நிப்பா. போன வருஷம் எதிராத்துல ஒரு பெரியவர் பொறப்பாட்டன்னிக்கிக் காலம்பறப் போயிட்டார். வீதில அப்படி ஆயிட்டா, அங்கேர்ந்து எடுத்துண்டு போற வரைக்கும் பெருமாள் வரமாட்டார். மத்யானம் வரைக்கும் கோவிலுக்குள்ளயே காத்துண்டிருந்தார். அவ தட்டை வச்சுண்டு காத்துண்டிருந்தா. அன்னிக்கி என்னண்டை சொன்னா, நான் போறப்போ இப்படி ஆக விட்டுடாதீங்கோ, என்னால பெருமாள் நிக்கப்படாதுன்னு. என்னடி பேச்சு இதுன்னு அதட்டினேன்.

நிக்கலயே? நம்மாத்து வாசல்ல யாரோ தட்டு நீட்டறா போல இருக்கே. ஓ, பக்கத்தாத்து மாமியா. சரி. நகர்ந்துட்டாரா? நன்னாப் பாருங்கோ, என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. பின்னால வேத பாராயணக்காராளும் போகட்டும். அவாளும் மூலை திரும்பட்டும்.

திரும்பியாச்சா?

அந்த ராத்திரியை அவ தாண்டல மிஸ்டர் அமிர்தராஜ். விடியறதுக்கு முன்னாலயே போயிட்டா. எனக்கும் குமுதாவுக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு.

உக்காருங்கோ, உக்காருங்கோ. நீங்க என்ன பண்ணுவேள். தீட்டாத்து வாசல் வழியாப் பெருமாளை வர வச்சுட்டேனே, இது அபசாரமா, இல்ல அவ வார்த்தையைக் காப்பாத்தினதா, எனக்குத் தெரியல. பாவம்னா அது என் தலைல வரட்டும். ஜன்னல்ல மனுஷா உக்காந்து பேசிண்டிருந்தா வீதிக்குச் சந்தேகம் வராது. எனக்கும் பேசிண்டே இருந்தாத்தான் வாய் வேற எதுக்கும் தெறக்காது. உங்களை உபயோகப்படுத்திண்டுட்டேன். மொதலாளிகிட்ட சொல்லிடுங்கோ, அந்தச் சொல்லு இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு.

அந்தப் பொண்ணு விடியக்காலத்துலேர்ந்து முந்தானையை வாய்ல அடைச்சுண்டு அம்மா பக்கத்துல உக்காந்திருக்கா. ஒரு சத்தம் வரலயே, கவனிச்சேளா? சித்த என் கையைப் பிடிச்சுக்கறேளா? எழுந்துக்கணும். இப்படி... ஆமா.

குமுதா. குமுதா. பெருமாள் போயிட்டார்டி. வாய்லேர்ந்து துணியை எடுத்துடு. இனிமே அழலாம்மா.