மூணாவது சட்டை

"நின்ன எடத்த வுட்டு நான் நகரல தம்பி. ஆனா இது எனக்கு மூணாவது கம்பெனி."

குன்றத்தூரில் ஒரகடம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற நீலச் சட்டைப் பெண் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இளைஞருக்கும் அதே சட்டைதான். அவர் பேச்சு திருநெல்வேலிப் பக்கம்.

"அதெப்படிக்கா?"

"மொதல்ல கேரவன் வண்டி செய்ற சின்ன ஷெட்டு, காக்கி சட்ட. அத ஒருத்தர் வாங்கி பச்ச சட்ட குடுத்தாரு. அவர இவங்க வாங்கி நீலம் குடுத்தாங்க. நான் அன்னிலேர்ந்து வண்டிக்குள்ள மடக்குக் கட்டில்தான் மாட்டிகினு கீறேன்."

"இப்ப மணிமங்கலத்துப் பக்கம் இன்னொண்ணையும் வாங்கிட்டாவளாமே?"

"அங்கேர்ந்து ஆறு பேரு வந்துகீறாங்க. கட்டில் வேலய கத்துக் குடுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"நல்லதுதானக்கா. உங்கள லீடராக்கிருவாவ."

அந்தப் பெண் எட்டி ரோட்டைப் பார்த்தார். பஸ் வரவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"நீலம் வந்தப்போ, இந்தக் கம்பெனியோட பழைய லைன்லேர்ந்து ஒரு அக்கா வந்து எங்களுக்குப் புது மாடல் கட்டில் கத்துக் குடுத்தாங்க. பொறுமையான அக்கா."

"அவுக இப்ப எந்த லைன்ல இருக்காவ?"

"நாங்க கத்துக்கின அடுத்த மாசமே அந்த அக்காவோட லைன மூடிட்டாங்க."

அந்த இளைஞர் குரலைத் தாழ்த்தினார்.

"யக்கா, கட்டில் லாக்கு மாட்டுததுதான் கஷ்டம். அத மட்டும் காட்டிராதிய."

பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் திரும்பினார்.

"நேத்தே காட்டிட்டேன் தம்பி. நல்லா கத்துக்கினாங்க."