அரைக் கரண்டி மீன் சாஸ்

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை.

இன்றைய பிழை: மாங்காய்க் கலவையில் மீன் சாஸ் அரைக் கரண்டி குறைந்துவிட்டது.

சின்னப் பிழைதான். ஆனால் ரச்சனி டீச்சர், சமையல் சுகாதார வகுப்பின் முதல் நாளிலேயே நீங்கள் சொன்னீர்கள்: சமையலறையில் நிற்கிறவர் தினமும் ஒரு பிழையாவது எழுத வேண்டும், பிழையே இல்லை என்று எழுதுகிறவர் பொய் சொல்கிறார் என்று. பிழை, காரணம், நாளைய வேலை என்று மூன்று தலைப்பு கொடுத்தீர்கள். ஏழு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். வியாழக்கிழமை மாலை வகுப்பில் நோட்டை வாங்கும்போது இந்த நாள் மட்டும் பல பக்கம் ஓடியிருப்பதைப் பார்ப்பீர்கள். காரணத்தை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தேவைக்கு மேல் எழுதுகிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

தோங்லோவில் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு வாரப் பத்திரிகை ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறது, பத்து இடம். இந்தப் பகுதியில் காபிக் கடைக்குப் போவதற்கே தலை சீவிக்கொண்டு வருவார்கள். நாய்க்குக்கூடக் குடை பிடிப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் எங்கள் மரவீட்டு வாசலில் காத்து நின்று சாப்பிடுவதற்கு எங்கள் தலைமைச் சமையல்காரர் லமாய் பெரியம்மாதான் காரணம். பட்டியலில் எங்கள் கடை எப்போதும் முதல் ஐந்துக்குள் இருக்கும்.

எல்லாக் கடை மேசையிலும் நான்கு ஜாடி இருக்கும். சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ். எங்கள் மேசையில் கிடையாது. பெரியம்மா வைக்க விட்டதில்லை.

"தட்டு வர்றப்பவே சரியா இருக்கணும். சாப்பிட வர்றவங்க அங்க உக்காந்து சமைக்கணும்னா அவங்க வீட்டுலயே இருக்கலாமே" என்பார்.

நான் அவருக்கு அடுத்த நிலையில் ஆறு வருடமாகச் சமைக்கிறேன். அவர் கையில் நுனி தேய்ந்த பித்தளைக் கரண்டி ஒன்று இருக்கும். நான் செய்ததை அதில் எடுத்து நாக்கில் விடுவார், கண்ணை மூடுவார், பிறகு எதையாவது சேர்ப்பார். பெரும்பாலும் மீன் சாஸ். திட்டமாட்டார், ஒன்றும் சொல்லமாட்டார். ஆறு வருடத்தில் ஒரு நாளும் எதையும் சேர்க்காமல் அந்தக் கரண்டியைக் கீழே வைத்ததில்லை.

ஒருமுறை கேட்டேன். "பெரியம்மா, ஒரு நாளாவது நான் செஞ்சது சரியா இருந்திருக்கா?"

"கிட்ட வந்திருக்கே, வென்."

"எவ்வளவு கிட்ட?"

"அரைக் கரண்டி."

கரி அடுப்பில் நிற்கும் கம்போன் அண்ணன் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் அரைக்கரண்டி. "ஏய் அரைக்கரண்டி, தேங்காய்ப்பால் எங்கே", "அரைக்கரண்டி, உன்னைக் கட்டிக்கப் போறவன் வீட்டுல நாலு ஜாடி வெச்சிருக்கானா கேட்டுக்கோ" என்பார். நல்ல மனிதர். எனக்குக் கோபம் வரவில்லை. கோபமா என்று நோட்டில் கேள்வியாக எழுதி, இல்லை என்று பதிலும் எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் 30-ஆம் பக்கத்தைப் பாருங்கள்.

போன வருடப் பட்டியலில் எங்கள் மீன் உருண்டைக் குழம்பைப் பற்றி ஆறு வரி வந்தது. அரைத்தது, உருட்டியது, கொதிக்க விட்டது எல்லாம் நான். "லமாயின் கை" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அதுவும் தவறில்லை. கடைசி அரைக் கரண்டி அவருடையதுதான்.

செப்டம்பரில் ஒரு நாள் அவர் ருசி பார்த்து, அரைக் கரண்டி ஊற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். நான் இன்னொரு அரைக் கரண்டி ஊற்றினேன். யாருக்காவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கத்தான். குழம்பு மேசையிலிருந்து திரும்பி வந்தது. பெரியம்மா அதைக் கரண்டியில் எடுத்து இரண்டு முறை ருசி பார்த்தார்.

"நான் போட்டது இப்படி இல்லையே."

"நீங்க போட்டதை நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன் பெரியம்மா" என்றேன். அது உண்மை.

அதன் பிறகு அதையே ஒழுங்காகச் செய்தேன். ஒரு நாளைக்கு இரண்டு பதார்த்தம், அதற்கு மேல் இல்லை. ஒரு நாள் உப்பு, ஒரு நாள் இனிப்பு, ஒரு நாள் புளிப்பு. குழந்தைகள் இருக்கும் மேசைக்குச் செய்ததில்லை. அளவெல்லாம் கடைசிப் பக்கங்களில் பென்சிலில் இருக்கிறது. அவரைத் துன்புறுத்த நினைத்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் சமையலை அவர் ஒருநாளாவது தொடாமல் விட வேண்டும் என்று நினைத்தேன். தன் நாக்கின்மேல் சந்தேகம் வந்தால்தான் ஒருவர் அடுத்தவர் சமையலை விட்டுவைப்பார்.

டிசம்பரில் எங்கள் முதலாளி, தனின் என்பவர், மேசைக்கு மேசை நான்கு ஜாடி வைத்தார். நல்லபடியாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாளைக்குத்தான் பெரியம்மா. கேக்கறாங்க, என்ன செய்ய?" பெரியம்மா தலையாட்டினார். மறுநாளிலிருந்து எல்லா ஜாடிகளையும் அவரே தினமும் துடைத்து வைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

மிளகாயை விட்டார், ஐஸ் காபியை விட்டார். உப்பு வெந்நீரில் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒருநாள் ஸ்பூன் விளிம்பால் நாக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். துப்பியதில் ரத்தம் இருந்தது. அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன்.

ஜனவரியில் முதல்முறையாகக் கரண்டியை என்னிடம் நீட்டினார். "நீ பாரு. எனக்கு என் நாக்கு மேல நம்பிக்கை போயிடுச்சு." நான் பார்த்துச் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பழக்கத்தில், அரைக் கரண்டி சேர்த்தார்.

உங்கள் வகுப்பில் என் பெயரைக் கொடுத்ததும் அவர்தான் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். "எனக்கப்புறம் இவதான் நிக்கணும், சுத்தபத்தமெல்லாம் முறையா கத்துக்கட்டும்" என்று முதலாளியிடம் சொன்னாராம். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன்.

நேற்று திங்கட்கிழமை, அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு வந்தார். பல மாதத்துக்குப் பிறகு சிரித்த முகம்.

"டாக்டரு சொட்டுச் சொட்டா விட்டுப் பாத்தாரு. கசப்பு, உப்பு, எல்லாம் சொல்லிட்டேன். இருபது வயசுப் பொண்ணு நாக்கும்மா உங்களுக்குங்கறாரு."

"அப்போ யாரோ பேய் வந்து உப்புப் போடுது" என்றார் கம்போன் அண்ணன்.

"பேயோ எதுவோ. நாளையிலேருந்து தட்டுல எடுத்து வெச்சப்புறம் இன்னொரு தடவை பாக்கப் போறேன். வெளிய போற வாசல்லயே நிப்பேன்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மேசைகளிலிருந்து ஜாடிகளை எல்லாம் எடுத்து, துணியில் சுற்றி, பின்னால் அரிசி மூட்டை அறையில் வைத்தார். நாளைக்குப் பத்திரிகையிலிருந்து பவினா அம்மா பட்டியலுக்காகச் சாப்பிட வருகிறார், ஜாடி கண்ணில் படக்கூடாது என்றார்.

நேற்று மாலை வகுப்பில் நான் கைதூக்கி ஒரு கேள்வி கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பிப்ரவரியில் நடத்திய பாடம், குதிரைலாட நண்டு. வால் முப்பட்டையாக இருந்தால் சாப்பிடலாம், உருண்டையாக இருந்தால் விஷம். "வாலை விரல்ல உருட்டிப் பாருங்க, வழுவழுன்னு உருண்டா தூக்கிப் போடுங்க" என்று சொல்லியிருந்தீர்கள். நெருப்பில் சுட்டாலும் அந்த விஷம் போகாது என்றும் சொன்னீர்கள். முதல் அறிகுறிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"கால் மணியும் ஆகும், ரெண்டு மணியும் ஆகும். மொதல்ல உதடும் நாக்கும் மரத்துப்போகும். அப்புறம் கை, கால். கடைசில மூச்சு. நினைவு மட்டும் தப்பாது, அதான் கொடுமை. உடனே கொண்டுபோனா மெஷின் வெச்சுக் காப்பாத்திடலாம்."

நல்ல கேள்வி என்றும் சொன்னீர்கள். வகுப்பில் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை.

இன்று காலை சந்தையில் ஆறு லாட நண்டு வாங்கினேன். ஆறும் முப்பட்டை வால். கடைக்காரம்மா உருண்டை வால்களைக் கழித்துத் தனி வாளியில் போட்டிருந்தார். அதில் ஒன்று கேட்டேன், வகுப்பில் காட்ட வேண்டும் என்று.

"பாத்துடி பொண்ணே, இதைப் பூனைக்குக்கூடப் போட்டுடாதே" என்றார்.

அதற்குத் தனிப் பலகை, தனிக் கத்தி, தனிக் கிண்ணம். கையுறை இரண்டு முறை மாற்றினேன். இந்த விஷயத்தில் நீங்கள் என்னிடம் ஒரு குறையும் காண முடியாது. சாப்பிட வந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுட்ட நண்டு முட்டையில் மாங்காய் சீவிப் போட்டு, வெங்காயம், எலுமிச்சை, மீன் சாஸ் சேர்த்து இரண்டு கலவை செய்தேன். பெரியது மேசைகளுக்கு. சின்னக் கிண்ணம் பெரியம்மாவுக்கு.

பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சின்னக் கிண்ணத்தில் ருசி பார்த்தார். மீன் சாஸ் ஊற்றினார். பத்து இருபதுக்கு இன்னொரு முறை. முட்டை நன்றாக இருக்கிறது என்று மூன்று கரண்டி சாப்பிட்டார். பத்தே முக்காலுக்குப் பலகையில் கையூன்றினார்.

"வென், உதடு மதமதன்னு இருக்குடி."

"பழைய பிரச்சினைதான் பெரியம்மா. அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?"

அவர் முகம் வாடிவிட்டது. நேற்று வந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. அப்போது நான் பெரிய கலவையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டார். கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியிருந்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். எதையும் சேர்க்கவில்லை.

"சரியா இருக்கும். நீயே அனுப்பு" என்றார்.

பத்து ஐம்பத்திரண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று அரிசி மூட்டை அறைக்குக் கூட்டிப்போனேன். மூட்டைமேல் சாக்கு விரித்து, தலைக்கு மேசைத்துணி மடித்து வைத்தேன். மின்விசிறியைப் போட்டேன். கதவைச் சாத்தினேன். முதலாளியிடம், பெரியம்மாவுக்குத் தலைவலி, பவினா அம்மா போகும்வரை எழுப்ப வேண்டாம் என்றேன்.

"இன்னிக்குப் பாத்தா இப்படி" என்றார் முதலாளி. "நீ சமாளிச்சுடுவியா?"

"பெரியம்மா ருசி பாத்துட்டாங்க. ஒண்ணும் சேக்கலை."

அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. கம்போன் அண்ணனுக்குத் தெரிந்தது. கரியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். அதன் பிறகு மதியம் முழுவதும் என்னை வென் என்றே கூப்பிட்டார்.

பவினா அம்மா பன்னிரண்டே காலுக்கு வந்தார். ஜன்னலோர மேசை. கலவையை நானே கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் எடுத்து, யோசித்து, கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல நிமிர்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. கொஞ்சம் மீன் சாஸ் கிடைக்குமா?"

சமையலறை மீன் சாஸ் பெரிய டின்னில் இருக்கிறது. அதை மேசைக்குக் கொண்டுபோக முடியாது. ஜாடிகள் மூட்டை அறையில் இருந்தன. போனேன்.

பெரியம்மா, நான் படுக்க வைத்தபடியே கிடந்தார். கண் திறந்திருந்தது. நெஞ்சு மிகக் கொஞ்சமாக ஏறி இறங்கியது. அப்போது பன்னிரண்டு முப்பத்தைந்து. முதலாளியின் கார் வாசலில்தான் நின்றது. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. எல்லாம் எனக்குத் தெரியும். துணியைப் பிரித்து மீன் சாஸ் ஜாடியை எடுத்தேன். அவர் கண் ஜாடிக்குப் போயிற்று, பிறகு என் முகத்துக்கு வந்தது. வாய் அசையவில்லை. ஆனால் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாகக் கேட்டதுதான்: தட்டு வர்றப்பவே சரியா இருக்கணும்.

கதவைச் சாத்திவிட்டு ஜாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பவினா அம்மா அரைக் கரண்டி ஊற்றிக்கொண்டார். மேலும் இல்லை, குறைவும் இல்லை. பிறகு தட்டைக் காலி செய்தார்.

இரண்டு மணிக்கு முதலாளியே கதவைத் திறந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம், அறுபத்துமூன்று வயது, ரத்த அழுத்தம் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். அரிசிக் கஞ்சி என்றேன். கம்போன் அண்ணன் அழுதார். நானும் அழுதேன், அதில் நடிப்பு இல்லை.

லமாய் பெரியம்மாவைக் கொன்றது நான். இதில் பிழை எதுவும் இல்லை, எல்லாம் நினைத்தபடியே நடந்தது. அதனால்தான் இதை முதல் தலைப்பில் எழுதவில்லை.

மாலை கடைக்கு வந்து, மிச்சமிருந்த பெரிய கலவையை அந்தப் பித்தளைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். குறைவுதான்.

காரணம்: அனுப்பும் முன் ருசி பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

நாளைய வேலை: காலை பத்து மணிக்கு மாங்காய்க் கலவை. மீன் சாஸ் அரைக் கரண்டி கூடுதல்.