வெல்டன் வீட்டின் இரண்டாவது படிக்கட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கட்டடம் படித்தவன் இல்லை. முப்பது வருடம் நியூஜெர்ஸியில் எடிசன் ஊரிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய்க் கம்ப்யூட்டரோடு மாரடித்தவன். ரிட்டயர் ஆனபின் பொழுது போகாமல் அமோஸ் வெல்டனைப் பிடித்துக்கொண்டேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்தப் பக்கம் வீடுகள் கட்டிய ஆர்க்கிடெக்ட். யாருக்கும் ஞாபகமில்லாத அந்த மனிதரைப் பற்றி ஒன்பது வருடம் தேடி அலைந்து ஒரு புத்தகம் போட்டேன். ஊரின் பழைய கட்டடங்களில் எதை மாற்றவும் அனுமதி தரும் கமிட்டியில் என்னைத் தலைவராகவே உட்கார வைத்தார்கள். வாஞ்சிநாதன் சொன்னால் சரியாக இருக்கும் என்று வெள்ளைக்காரர்களே சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

எங்கள் தெருமுனை வீடுதான் வெல்டனின் கடைசி வேலை என்று எழுதியது நான்தான். புத்தகம் வந்தபின் அவருடைய கடிதம் ஒன்று கைக்குக் கிடைத்தது. இளவயதில் அவர் கட்டிய ஹோட்டல் எரிந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதன்பின் சாகும்வரை இரண்டு படிக்கட்டு இல்லாமல் எந்த வீடும் கட்டுவதில்லை என்று அதில் எழுதியிருந்தார். முனை வீட்டில் ஒன்றுதான் இருந்தது. ஆக, அது அவர் வீடே இல்லை. கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

அந்த வீட்டில் யாழ்ப்பாணத்து நேசமலர் முதியோர் இல்லம் நடத்தினார். வெளிச்சுவரில் இரும்புப் படி போட அனுமதி கேட்டு கமிட்டிக்கு வந்தார்.

"அங்கிள், மேல நாலு பேர் இருக்கினம். நடக்கேலாத ஆக்கள். ஒரு படிதானே கேக்கிறன்."

"வெல்டன் வீட்டுல கை வைக்க முடியாதும்மா. லுக்கே போயிடும்."

மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் மறுத்தேன். படி போட்டால், முதலிலேயே ஏன் இல்லை என்று எவனாவது நோண்டுவான். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

போன செவ்வாய் மத்தியானம் சமையலறையில் தீப்பிடித்தது. இருந்த ஒரே படிக்கட்டு முதலில் எரிந்தது. மேலே இருந்த நான்கு பேரும் இறங்கவில்லை. அவர்களை விட்டுவிட்டு நேசமலரும் வரவில்லை.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தேதான் தடுத்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. அதைவிட அசதியாக இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. முகப்பில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. வெல்டன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.